எந்தப் படம், யாருடைய கண்ணுக்கு?
(நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த பழைய மாணவிகள் சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டொக்டர் ஒருத்தி பேச வருகிறா என்றதும் நீரிழிவைப் பற்றியோ முழங்கால் நோவைப் பற்றியோ சொல்லப்போகிறா என்று நினைத்திருப்பீர்கள். பின்னால் வைத்திருக்கும் வடைத் தட்டையும் கேக்கையும் பார்த்தால் அந்தப் பேச்சும் அவசரம் போலத்தான் தெரிகிறது. ஆனால் செயற்குழு எனக்குத் தந்த தலைப்பு வேறு. எங்கள் இணையத்தளத்தில் ஏற்றுவதற்காகச் சேர்ந்திருக்கும் படங்களையும் காணொளிகளையும் யார் யார் பார்க்கலாம் என்ற கேள்வி. இது கணினிக்காரருடைய வேலைதானே, டொக்டருக்கு என்ன கதை என்று கேட்கலாம். மற்றவர்களுடைய உடம்பின் படங்களையும் குறிப்புகளையும் கையில் வைத்துக்கொண்டு, அதை யாருக்குக் காட்டலாம், யாருக்குக் காட்டக்கூடாது என்று தினமும் முடிவெடுப்பதுதான் என் தொழிலில் பாதி. அதனால்தான் படக் குழுவில் என்னையும் இழுத்துப் போட்டார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் எங்களிடம் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நூற்றாண்டு மலருக்குப் படம் அனுப்புங்கள் என்று அறிவித்ததும் கடிதவுறையாகவும் பெட்டியாகவும் வந்து குவிந்தன. பரிசளிப்பு விழாக்கள், இல்ல மெய்வல்லுநர் போட்டிகள், நெட்போல் அணிகள், வாணி விழா, கரோல் கீதம், விடுதிப் பிள்ளைகள் கிணற்றடியில் நிற்கும் படங்கள், விஞ்ஞானக் கண்காட்சியில் தவளையை அறுத்து வைத்துக்கொண்டு வெற்றிப் புன்னகையோடு நிற்கும் மூன்று பேர். இவற்றின் பெறுமதியை இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது அல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? பாயும் அரிசியும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் வந்தன, அல்பம் வரவில்லை. அதற்கு முன்னரும் பின்னரும், வீட்டில் ஒரு படம் இருப்பதே பிரச்சினையாகும் என்று அஞ்சி எரித்தவர்களும் மண்ணுக்குள் தாட்டவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இங்கே பலருக்குத் தங்கள் பதினைந்து வயது முகம் எப்படி இருந்தது என்று பார்க்க இந்தப் பெட்டிகளைத் தவிர வேறு வழியில்லை.

இதனால்தான், "எல்லாவற்றையும் ஏற்றுங்கோ, ஒரு கடவுச்சொல்லை வைச்சு எல்லாருக்கும் அனுப்புங்கோ, நாங்கள் எல்லாரும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தானே" என்று பலர் சொன்னார்கள். அந்தப் பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ஏற்பாட்டில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஆயிரம் பேருக்குத் தெரிந்த கடவுச்சொல் பூட்டு ஆகாது. அது ஒரு வட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு ஓடும். பழைய மாணவியின் கணவருக்குத் தெரியும், மகனுக்குத் தெரியும், பிறகு அவர்கள் பிரிந்துபோனாலும் அந்தக் கணவருக்குத் தெரிந்தபடியே இருக்கும். ஒருவரை மட்டும் வெளியே நிறுத்த வேண்டுமென்றால் ஆயிரம் பேருக்கும் மாற்ற வேண்டும். ஒரு படம் வெளியே போய்விட்டால் எந்தக் கை வழியாகப் போனது என்று கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனென்றால் எல்லோரும் ஒரே பெயரில்தான் உள்ளே வந்திருப்பார்கள். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கடவுச்சொல் என்பது குழுவின் முதல் தீர்மானம். கொஞ்சம் கரைச்சல்தான். தாங்கிக்கொள்ள வேண்டிய கரைச்சல்.

அடுத்ததுதான் பலருக்குத் தெரியாத விடயம். எங்களுடைய தளத்தைச் செய்து தருகிற இரண்டு தங்கைமாரும் எனக்குக் காட்டித் தந்தபோதுதான் எனக்கே இது முழுதாக விளங்கியது. பக்கத்தைப் பூட்டுவது வேறு, படத்தைப் பூட்டுவது வேறு.

நாங்கள் பாவிப்பது வேர்ட்பிரஸ். உலகத்தில் எத்தனையோ சிறிய சங்கங்களும் கோயில்களும் பாடசாலைகளும் பாவிப்பதும் அதுதான். அதில் ஒரு படத்தை ஏற்றினால், அது பதிவேற்றங்களுக்கென்று இருக்கும் ஒரு கோப்புறையில், வருடம், மாதம் என்று பிரித்த அறைகளுக்குள் போய் உட்காரும். அந்தப் படத்தை வைத்து நாங்கள் ஒரு பக்கம் தயாரித்து, "உறுப்பினர் மட்டும்" என்று பூட்டுகிறோம். வாசலில் காவலாளி நின்று பெயரைக் கேட்பார். ஆனால் படம் இருக்கும் கோப்புறைக்குச் சொந்தமாக ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியை நேராகத் தட்டினால், சேவையகம் வேர்ட்பிரஸிடம் "இவர் யார்?" என்று கேட்காமலே படத்தை எடுத்து நீட்டிவிடும். நூலகத்துக்குப் பெரிய பூட்டுப் போட்டுவிட்டு, புத்தகங்களை றோட்டுப் பக்க விறாந்தையில் அடுக்கி வைத்தது மாதிரி.

இது வேர்ட்பிரஸின் குறை என்று சொல்லமாட்டேன். படங்களை விரைவாகக் கொடுப்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். செய்தித்தாளுக்கும் கடைக்கும் அது சரி. எங்களுக்குச் சரியில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. ஒரு படத்தை ஏற்றினால் அது பல அளவுகளில் தன்னைப் பிரதி எடுத்துக்கொள்ளும், சிறுபடம், நடுத்தரம், பெரிது என்று. எங்கள் தங்கைமார் ஒரு சோதனைப் படத்தில் ஒரு முகத்தை மங்கலாக்கி அதே பெயரில் மீண்டும் வைத்துப் பார்த்தார்கள். பெரிய படத்தில் முகம் மறைந்தது. சிறிய பிரதிகளில் பழைய முகம் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

"முகவரி நீளமாக, ஒருவராலும் ஊகிக்க முடியாததாக இருந்தால் போதாதா?" என்று ஒருவர் கேட்டார். முகவரியை ஊகிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒருவர் பிரதி எடுத்து இன்னொருவருக்கு அனுப்பினால் போதும். கூகிள் டிரைவில் "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று ஒரு தெரிவு இருக்கிறதே, அதன் பொருள் அது சொல்வதேதான். எவரும். சங்க உறுப்பினர் என்றோ பழைய மாணவி என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

இன்னும் சிலர், தேடுபொறிகள் வரக்கூடாது என்று ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்தால் சரி என்கிறார்கள். ரோபோட்ஸ் கோப்பு என்று அதற்குப் பெயர். 1994 முதல் இருக்கும் வழக்கம். அது ஒரு வேண்டுகோள் மாத்திரமே. மரியாதை தெரிந்த தேடுபொறி கேட்கும், மற்றது கேட்காது. அதோடு அந்தக் கோப்பை யாரும் திறந்து வாசிக்கலாம். "இந்த அறைக்குள் வரவேண்டாம்" என்று எந்த அறையின் பெயரை எழுதுகிறோமோ, அந்த அறை எங்கே இருக்கிறது என்று நாங்களே சொல்லிக் கொடுக்கிறோம்.

அப்படியானால் என்ன செய்வது? செய்யக்கூடியது இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. படக் கோப்புகளைப் பொதுவாசலுக்கு வெளியே, நேராக முகவரி இல்லாத இடத்தில் வைப்பது. யாராவது கேட்கும்போது ஒரு சிறு நிரல், கேட்பவர் யார், இந்தப் படம் அவருக்குரியதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுப்பது. அல்லது மேகச் சேமிப்பில் வைத்து, கேட்டவுடன் சில நிமிடங்களுக்கு மாத்திரம் உயிரோடு இருக்கும் கையொப்பமிட்ட இணைப்பைத் தருவது. அந்த இணைப்பை மாமிக்கு அனுப்பினாலும் மாமி திறக்கும்போது அது செத்துப்போயிருக்கும். எங்கள் தளம் முதல் வழியில் போகிறது.

நீங்கள் வேறு சங்கங்களிலும் பொறுப்பில் இருப்பீர்கள். இன்றிரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் தளத்தில் பூட்டிய பக்கத்துக்குள் போய், ஒரு படத்தின் முகவரியைப் பிரதி எடுங்கள். தளத்திலிருந்து வெளியேறி, அந்தத் தளத்துக்குள் ஒருநாளும் போகாத ஒருவருடைய தொலைபேசியில் அந்த முகவரியை ஒட்டிப் பாருங்கள். படம் தெரிந்தால் உங்கள் பூட்டு கதவில் வரைந்த பூட்டு.

இனி என்னுடைய துறைக்கு வருகிறேன். என் நோயாளர்களின் கதை எதையும் நான் சொல்லப்போவதில்லை. அவர்களில் சிலர் இந்த மண்டபத்திலும் இருக்கலாம். உலகத்துக்கே தெரிந்ததைச் சொல்கிறேன். எக்ஸ்ரே, சி.ரி. ஸ்கான் படங்கள் டைகொம் என்ற வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன. அந்தக் கோப்புக்குள்ளேயே நோயாளியின் பெயர், பிறந்த திகதி, எந்த வைத்தியசாலை, எந்த நாள் என்பதெல்லாம் சேர்ந்தே இருக்கும். 2019இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஒரு பாதுகாப்பு நிறுவனமும் புரோபப்ளிக்கா என்ற அமெரிக்கச் செய்தி அமைப்பும் வெளியிட்டதை நீங்கள் வாசித்திருக்கலாம். பல நாடுகளில், இரண்டு கோடிக்கும் மேற்பட்ட நோயாளர் பதிவுகள், கடவுச்சொல்லே கேட்காத சேவையகங்களில் திறந்து கிடந்தன. ஒரு பூட்டையும் உடைத்து உள்ளே போக வேண்டியிருக்கவில்லை. வைத்தியர்கள் பாவித்த திரைக்கு முன்னால் கதவு இருந்திருக்கும். படங்கள் இருந்த களஞ்சியத்துக்கு இல்லை. நான் இப்போது சொன்ன விறாந்தைக் கதைதான்.

கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டி போட்டு நோயாளர் படங்களை அச்சிடும் பழக்கம் எங்கள் பாடநூல்களில் இருந்தது. இன்று மருத்துவ இதழ்கள் அதை ஏற்பதில்லை. கண்ணை மறைப்பது ஆளை மறைக்காது என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு தன் வழிகாட்டலில் எழுதியே வைத்திருக்கிறது. உங்கள் வகுப்புத் தோழியை நீங்கள் கண்ணை வைத்தா அடையாளம் காண்பீர்கள்? நிற்கிற நிலை, காதுத் தோடு, பக்கத்தில் யார் நிற்கிறா என்பது போதாதா?

வைத்தியசாலையில் ஒரு பழைய தப்பெண்ணம் உண்டு: பெரிய பதவியில் இருப்பவர் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று. அப்படியில்லை. கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் ரிக்கற்றை அந்த வாட்டில் அந்த நோயாளியைப் பார்ப்பவர்தான் வாசிக்க வேண்டும். நான் விசேட வைத்திய நிபுணராக இருக்கலாம். பக்கத்து வாட்டில் என் அயலவர் படுத்திருந்தால் அவருடைய ரிக்கற்றைத் திறக்க எனக்கு உரிமையில்லை. அன்று கடமையில் உள்ள இளம் தாதிக்கு உண்டு. அவருக்கு அந்த நோயாளியோடு வேலை இருக்கிறது, எனக்கு இல்லை.

கணினிப் பதிவுகள் வந்தபின் இதை அவதானிக்கவும் முடிகிறது. 2008இல் லொஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் அனுமதிக்கப்பட்டிருந்தார். அவரோடு எந்தக் கடமையும் இல்லாத பல ஊழியர்கள் அவருடைய பதிவைத் திறந்து பார்த்திருந்தார்கள். வேலை இழந்தவர்களும் உண்டு. அவர்கள் எல்லோரிடமும் சரியான கடவுச்சொல் இருந்தது. யார் எப்போது திறந்தார் என்ற குறிப்பு இருந்ததால்தான் பிடிபட்டது. எங்கள் தளத்திலும் அப்படி ஒரு குறிப்பு இருக்கும், உள்வட்டப் படங்களுக்கு மாத்திரம். யார் யார் யாருடைய படத்தைப் பார்க்கிறார் என்று சங்கத்தில் சிலர் உட்கார்ந்து ஆராய்வதும் எனக்குப் பிடிக்காத விடயம். ஆகவே முறைப்பாடு வந்தால் மட்டும், இரண்டு பேர் சேர்ந்துதான் அதைத் திறக்கலாம், சில மாதங்களில் அது தானாக அழியும்.

இந்த வேலையைத் தொடங்கியபோது, எங்களைப் போல ஒரு சமூகம் இதை முன்னரே செய்திருக்கிறதா என்று தேடினேன். அவுஸ்திரேலியாவில் கிடைத்தது. வட பிரதேசத்தில் டெனன்ட் கிரீக் என்ற சிற்றூரில் வாழும் வருமுங்கு என்ற ஆதிக்குடி மக்கள். பாதிரிமாரும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகளாக எடுத்துக்கொண்டு போன படங்கள் அவர்களிடம் திரும்பி வரத் தொடங்கின. வந்த படங்களை வைத்துப் பார்க்க ஒரு கணினி ஏற்பாடு வேண்டும். ஆனால் அவர்களுடைய வழக்கத்தில் எல்லாப் படமும் எல்லோருக்கும் இல்லை. சில குடும்பத்துக்குரியவை, சில பெண்களுக்கு மாத்திரம், சில ஆண்களுக்கு மாத்திரம், சில ஒரு குறிப்பிட்ட நிலத்தோடு தொடர்புள்ளவர்களுக்கு. இறந்துபோனவரின் முகத்தைக் காட்டுவதற்கும் முறை இருக்கிறது.

கிம்பர்லி கிறிஸ்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அவர்களோடு இருந்து, அந்த வழக்கங்களையே விதியாக வைத்து ஒரு மென்பொருளை உருவாக்கக் காரணமாக இருந்தார். 2007இல் அந்த ஊரின் கலை, பண்பாட்டு நிலையத்தில் அது பாவனைக்கு வந்தது. முகுர்ட்டு என்று பெயர் வைத்தார்கள். வருமுங்கு மொழியில் அது ஒரு வகைப் பை, பொருட்களைப் பத்திரமாக வைக்கும் இடம். இன்று அது யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கக்கூடிய மென்பொருள்; வேறு பல ஆதிக்குடி மக்களும் பாவிக்கிறார்கள். ஒரே படத்தை இரண்டு பேர் தேடினால் ஒருவருக்கு வரும், மற்றவருக்கு வராது. அந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது அந்தச் சமூகத்தின் பெரியவர்கள். கணினி அதை நிறைவேற்றுகிறது.

எனக்கு அதில் பிடித்தது மென்பொருளைவிட அந்த ஒழுங்குதான். அவர்கள் முதலில் கேட்டது "யார் நிர்வாகி, யார் உறுப்பினர்?" என்றில்லை. "இந்தப் படம் யாரோடு சொந்தம்?" என்று கேட்டார்கள்.

நாங்களும் அப்படியே தொடங்கினோம். கட்டடங்கள், விருதுகள், பழைய அதிபர்களின் படங்கள், முன்னரே மலர்களில் அச்சான படங்கள் ஆகியவை உலகத்துக்கே திறந்திருக்கட்டும். வகுப்புப் படங்களும் அணிப் படங்களும் பழைய மாணவிகளுக்கு. விடுதிப் படங்கள், சுற்றுலாப் படங்கள், இரவு உடுப்போடு நிற்கும் படங்கள் அந்தந்த ஆண்டு வகுப்புக்கு மாத்திரம். அவற்றை மேல் வட்டத்துக்குத் திறப்பதா என்பதை அந்த வகுப்பே முடிவெடுக்கும். எது எந்த வட்டம் என்று சந்தேகம் வந்தால் உள்வட்டத்தில் வைப்போம். உள்ளே இருப்பதை நாளை வெளியே விடலாம். வெளியே போனதைக் கூப்பிட்டு உள்ளே எடுக்க முடியாது.

ஒருவர் பழைய மாணவிதான் என்று எப்படி உறுதிசெய்வது? அனுமதிப் பதிவேடுகள் முழுதாக எங்களிடம் இல்லை, ஏன் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். சான்றிதழ் கேட்பதைவிட, அதே வகுப்பைச் சேர்ந்த இரண்டு பேர் "ஓம், இவ எங்களோட படிச்சவ" என்று சொன்னால் போதும் என்று முடிவெடுத்தோம். எங்கள் ஊரில் அதைவிடக் கடுமையான விசாரணை வேறு கிடையாது.

இதெல்லாம் எழுதி முடித்து நல்ல ஒழுங்கு என்று திருப்தியோடு இருந்தபோது குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதிய அம்மாவிடம் அனுமதி கேட்டே இதைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அவருடைய மகள் இங்கே படித்தவர். போர்க்காலத்தில் இறந்துவிட்டார். வீடு போனது, அல்பம் போனது, பிறகு இருந்த ஒரே ஒரு அடையாள அட்டைப் படமும் வன்னியில் போனது. "என்ர பிள்ளை நெட்போல் விளையாடினவள், உங்களிட்ட ஒரு படம் இருக்குமோ?" என்று கேட்டிருந்தார்.

இருந்தது. பின்வரிசையில், பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை. ஆனால் எங்களுடைய அழகான ஒழுங்கின்படி அந்த அம்மாவால் அதைப் பார்க்க முடியாது. அவர் பழைய மாணவி இல்லை. அவருக்காக "எங்களோட படிச்சவ" என்று சொல்ல ஒருவராலும் முடியாது.

சரி, அந்தப் படத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவோம் என்று குழுவில் சொன்னார்கள். அதிலும் ஒரு சிக்கல். அதே படத்தில் முன்வரிசையில் இருக்கும் இன்னொருவர், இன்று வெளிநாட்டில் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்பவர், தன் முகமும் பெயரும் பாடசாலையின் பெயரும் ஒன்றாக இணையத்தில் வரக்கூடாது என்று முன்னரே எழுதியிருந்தார். காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, காரணம் சொன்னால்தான் மறைப்போம் என்றால் அது இன்னொரு விதமான காட்டச் சொல்லுதல்.

ஒரு படம். ஒருவருக்கு அது உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே முகம். இன்னொருவருக்கு அது ஆபத்து. பெட்டியை முழுக்கத் திறந்திருந்தால் இரண்டாமவர் அகப்பட்டிருப்பார். முழுக்கப் பூட்டியிருந்தால் அந்த அம்மா வெளியே நின்றிருப்பார். நாங்கள் செய்தது இது: மகளின் வகுப்புத் தோழி ஒருவர் அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கி, நல்ல கடதாசியில் அச்சிட்டுச் சட்டம் போட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு மணித்தியாலம் இருந்து தேத்தண்ணி குடித்து வந்தாராம். முழுப் படம் அந்த அணியில் இருந்தவர்களின் வட்டத்துக்குள் இருக்கிறது.

அதற்குப் பிறகு விதியில் ஒரு பிரிவைச் சேர்த்தோம். படத்தில் உள்ளவரின் நெருங்கிய குடும்பத்தவர், உறுப்பினராக இல்லாவிட்டாலும், கேட்டால் அந்த முகம் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். வைத்தியசாலைக் கணினிகளிலும் இப்படி ஒரு வழி இருக்கிறது, கண்ணாடியை உடைத்தல் என்று சொல்வார்கள், தீயணைப்பு மணியின் கண்ணாடியைப் போல. அவசரத்தில் உரிமையில்லாத பதிவையும் வைத்தியர் திறக்கலாம். ஏன் திறந்தார் என்று பிறகு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். விதிவிலக்குக்கு வழி வைக்காத பூட்டைச் சனங்கள் தாங்களே கள்ளச் சாவி செய்து திறப்பார்கள்.

எடுக்கச் சொல்லி வரும் வேண்டுகோள்கள் எல்லாம் இவ்வளவு பாரமானவை இல்லை. தமிழ்த் தின நாடகத்தில் மீசை வைத்து அரசனாக நடித்த ஒரு அக்கா, இன்று பெரிய பதவியில் இருப்பவர், அந்தப் படத்தை அழிக்கும்படி மூன்று முறை எழுதிவிட்டார். அக்கா, மறைக்கலாம், அழிக்கமாட்டோம். இது குழு ஒருமனதாக எடுத்த முடிவு. கண்ணிலிருந்து எடுப்பது ஒன்று, இல்லாமல் செய்வது இன்னொன்று. நோயாளி விரும்பவில்லை என்பதற்காக நாங்கள் ரிக்கற்றைக் கிழிப்பதில்லை, பார்ப்பவர்களைக் குறைக்கிறோம். முப்பது பேர் நிற்கும் படத்தில் ஒருவர் விலக விரும்பினால் மற்ற இருபத்தொன்பது பேரின் படமும் அதுதான். பெயரை எடுப்போம், வட்டத்தைச் சுருக்குவோம், வெளியே வைக்கும் பிரதியில் முகத்தை மறைப்போம், எல்லா அளவுப் பிரதிகளிலும். மூலப்படம் பூட்டிய அலுமாரியில் இருக்கும். ஐம்பது வருடத்துக்குப் பிறகு வருபவர்கள் என்ன செய்வார்களோ, அது அவர்களுடைய பொறுப்பு.

இப்போது படிக்கும் பிள்ளைகளின் படங்களைப் பற்றி நான் கடுமையாகத்தான் சொல்வேன். அதிபர் மன்னிக்க வேண்டும். ஸ்கான் செய்த பழைய படத்தில், எங்கே எப்போது எடுத்தது என்று பின்பக்கத்தில் ஒருவர் பேனாவால் எழுதியிருந்தால்தான் தெரியும். தொலைபேசியில் எடுக்கும் படம் அதைத் தானே எழுதிக்கொள்கிறது, இட அமைவு நிறுத்தப்படாவிட்டால் இடத்தையும் சேர்த்து. 2012இல் தலைமறைவாக இருந்த ஜோன் மெக்காஃபி என்ற மென்பொருள் தொழிலதிபர் குவாத்தமாலாவில் இருப்பது, ஒரு சஞ்சிகை வெளியிட்ட படத்துக்குள் இருந்த இடக்குறிப்பால் வெளிப்பட்டது. வட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு கழன்றுவிடும். கோப்பாக அனுப்பினால் கூடவே போகும். எங்கள் தளத்தில் ஏற்றும்போதே அதை நீக்கிவிட ஏற்பாடு செய்திருக்கிறோம்.

ஆனால் பிள்ளைகளுக்கு இதுவும் போதாது. சீருடையே பாடசாலையைச் சொல்லிவிடும். மெய்வல்லுநர் போட்டியில் ஓடும் பிள்ளையின் காணொளியைப் பெயரோடு போட்டால், அந்தப் பிள்ளை யார், எங்கே, எத்தனை மணிக்கு வெளியே வரும் என்பதெல்லாம் ஒரு அந்நியருக்குக் கிடைத்துவிடும். எங்கள் நாட்டின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைகளின் தரவை விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பிள்ளைகள் எங்கள் சங்க உறுப்பினர்களே இல்லை. அவர்களுடைய படங்களுக்கு நாங்கள் உரிமையாளர்களும் இல்லை. ஆகவே இன்றைய மாணவிகளின் நெருக்கமான படமும் பெயரும் எங்கள் தளத்தின் எந்த வட்டத்திலும் இருக்காது. பாடசாலை தன் பொறுப்பில், பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதத்தோடு செய்வது வேறு. இதற்காக என்னோடு கோபிக்கப் போகிறவர்கள் தேத்தண்ணி நேரத்தில் வந்து கோபிக்கலாம்.

திரையைப் படம் பிடிப்பதைத் தடுக்க முடியுமா என்று மெல்பேர்ணிலிருந்து கேட்டிருக்கிறார்கள். முடியாது. திரையில் தெரிவதை இன்னொரு தொலைபேசியால் எடுக்கலாம், எந்த மென்பொருளும் அதைப் பிடிக்காது. முடியும் என்று சொல்லி விற்பவர்களிடம் காசு கொடுக்க வேண்டாம். நாங்கள் செய்யக்கூடியது, உள்வட்டப் படங்களின் ஓரத்தில் பார்ப்பவரின் பெயரை மெல்லியதாக அச்சிடுவது. அது கையைக் கட்டாது, கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியவை. ஒவ்வொரு ஆண்டு வகுப்பும் இரண்டு பிரதிநிதிகளைத் தரவேண்டும். ஒருவர் இங்கே, ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் நல்லது. 1987 முதல் 2009 வரையான பெட்டிகளை அந்தந்த வகுப்புப் பார்த்து முடிக்கும்வரை யாருக்கும் திறக்கமாட்டோம், விழா நாளுக்குள் முடியாவிட்டாலும் சரி. முகம் தெரியாத படங்களுக்குப் பேஸ்புக்கில் போட்டுப் பெயர் கேட்க வேண்டாம். எங்களுக்கு எழுதுங்கள், மூத்த அக்காமார் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாத முகம் இல்லை. உங்களிடம் இன்னும் படங்கள் இருந்தால், பின்பக்கத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்து இரண்டு பக்கமும் ஸ்கான் செய்து அனுப்புங்கள். அல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம், பழைய பசை படத்தையும் சேர்த்து உரித்துவிடும். எந்த வட்டத்துக்கு என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். எழுதாமல் வந்தால் உள்வட்டத்தில் போடுவோம்.